பதினோராவது வளைவு

சைக்கிள்காரர் ஒருவர் என்னை முந்திப் போனார்.
சான் மார்க்கோ கணவாய், பதினோராவது வளைவு.
எழுபது வயதிருக்கும்.
போகிற போக்கில் ‘புவோன் ஜோர்னோ’ என்றார்,
மூச்சு வாங்காமல்.

எனக்குக் கீழே ஐந்நூறு சிசி.
படுத்த வாக்கில் ஒற்றை சிலிண்டர்,
என்னைவிட ஆறு வயது மூத்த மோட்டோ குட்ஸி.
ஃப்ளைவீல் எஞ்சினுக்கு வெளியே சுற்றும்,
கடையில் இறைச்சியை மெல்லிசாய்ச் சீவும்
வட்டக் கத்தி மாதிரி.
அன்று அது மலை ஏறவில்லை.
ஒவ்வொரு வெடிப்புக்கும் நடுவே
உட்கார்ந்து யோசித்தது.

ஃபெர்மோ ரொட்டிப் பையைக் கிழித்துக் கணக்குப் போட்டான்.
‘பத்தொன்பது குதிரை இப்போது.
பிஸ்டனை மாற்று, கேமை மாற்று,
கார்புரேட்டர் வாயைக் கொஞ்சம் அகலமாக்கு,
இருபத்தாறு தருகிறேன்.
விளக்கும் எரியும். இப்போது எரிவது விளக்கா?’
அதை மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை.
இரவில் எதிரே வருகிறவனின் வெளிச்சத்தில்தான்
நான் வீடு போய்ச் சேர்கிறேன்.

‘நிறுத்துவது?’ என்றேன்.
பிரேக் டிரம்மைப் பார்த்தான்.
சிகரெட் எடுக்க வெளியே போனான்.

பெர்காமோவிலிருந்து துல்லியா பிரம்பாத்தி வந்தார்,
பழைய வண்டிகளின் பதிவேட்டிலிருந்து.
குச்சி நுனியில் கண்ணாடி கட்டி
வண்டியின் வயிற்றைப் பார்த்தார்.
போல்ட்டின் தலையில் முத்திரை தேடினார்.
கிளட்ச் கேபிளின் உறை
சாம்பல் நிறத்தில் இருந்திருக்க வேண்டும் என்றார்,
துக்கம் விசாரிக்கும் குரலில்.
எல்லாம் ஆலையிலிருந்து வந்தபடியே இருந்தால்
பித்தளைத் தகடு ஒன்று தருவார்களாம்.
விலை மூவாயிரம் யூரோ ஏறுமாம்.
விற்கிற எண்ணமில்லாதவளுக்கு
விலை ஏறி என்ன, இறங்கி என்ன.

டயர் கடையில் இருபது வருடம் கணக்கெழுதியவள்.
தாளை நடுவே மடித்துப் பற்று, வரவு போட்டேன்.
இரண்டு நாள் கூட்டிப் பார்த்தும்
மீதி நிற்கும் இடத்தில்
அந்த சைக்கிள்காரர்தான் நின்றார்.

எதற்கும் திறந்து பார்ப்போம் என்று
சிலிண்டரைக் கழற்றினோம்.
அடியில் ஒரு அலுமினியத் தகடு.
இரண்டு மில்லிமீட்டர் கனம்.
உதிரிபாகப் புத்தகத்தில் அது இல்லை.
விளிம்பில் அரத்தின் கோடுகள்,
ஒரு மூலையில் மட்டும் கை சறுக்கிய தடம்.

யாரோ இதன் வேகத்தைக் குறைத்திருக்கிறார்கள்.
கஷ்டப்பட்டு, அளந்து, வேண்டுமென்றே.

பெட்ரோல் மட்டமாகக் கிடைத்த காலம்,
எஞ்சின் தட்டியிருக்கும் என்றான் ஃபெர்மோ.
இருக்கலாம்.
பதிவுப் புத்தகத்தில் இரண்டாவது உரிமையாளர்
அகோஸ்தீனோ பெத்ரெத்தி, தொழில்: பால் சேகரிப்பு.
பக்கவாட்டுப் பெட்டியில் பால் கேன்களோடு
தினமும் ஏறி இறங்கியவர்.
அவருக்கு வேகம் எதற்கு?
மறுநாளும் வண்டி வேண்டும்.

‘தூக்கிப் போடு,’ என்றான் ஃபெர்மோ,
‘செலவில்லாமல் இரண்டு குதிரை.’
துல்லியா தொலைபேசியில் வெகுநேரம் பேசவில்லை.
பிறகு, ‘ஆலை வைத்ததல்ல, எடுத்துவிடுங்கள்.’

முதல் தடவையாக இருவரும் ஒத்துப்போனார்கள்.
அங்கேதான் எனக்கு இடித்தது.

தகட்டை மண்ணெண்ணெயில் கழுவினேன்.
அரக்கோடுகள் பளிச்சென்று எழுந்தன.
புது கேஸ்கெட் இரண்டு வாங்கி, மேலொன்று கீழொன்று,
நடுவில் அதையே வைத்து மூடச் சொன்னேன்.
ஃபெர்மோ என்னைப் பார்த்த பார்வையை
என் முன்னாள் கணவர்
நீதிமன்றத்தில் பார்த்திருக்கிறார்.

ஒன்று மட்டும் மாற்றினேன்.
முன் ஸ்ப்ராக்கெட்டில் பதினேழு பல்லுக்குப் பதினாறு.
கழற்றியது பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது,
எண்ணெய்த் துணி சுற்றி.
ஒரு பல் போனால் வாய் கெட்டுவிடாது.
துல்லியாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏறினேன்.
எட்டு, ஒன்பது, பத்து.
யோசிக்கிறது. ஆனால் நிற்காமல் யோசிக்கிறது.
பதினொன்றில், பின்னால்
சங்கிலியின் மெல்லிய சீறல்.
திரும்பாமலே தெரிந்தது.

பக்கத்தில் வரட்டும் என்று காத்திருந்து
இந்த முறை
வணக்கத்தை நான் முந்திச் சொன்னேன்.